சங்கு ஊதியதும் எழுந்தவர்

நேற்று மாலை எழுதிக்கொண்டிருந்த கதையில் என் கதாநாயகனை மூன்றாம் முறையாகச் சாகடித்துக்கொண்டிருந்தேன்; எனக்கே அழுகை வரவில்லை. அப்போது ஆவடி தொழிற்சாலையில் சங்கு ஊதியது.

அப்பாவுக்கு அங்கேதான் வேலை. சிறுவயதில் எங்கள் குவார்ட்டர்ஸ் நாடகத்தில் அவருக்குக் கடைசியில் சாகும் ராஜா வேடம். பார்ப்பவர்களில் ஒருவராவது அழ வேண்டுமென்று ஒரு மாதம் கோரைப்பாயில் விழுந்து செத்துப் பழகினார். மேடையில் அருமையாகவே செத்தார். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் சங்கு ஊத, இருபது வருடப் பழக்கத்தில் விருட்டென்று எழுந்து செருப்பைத் தேடினார்.

“இன்னா நைனா, பொணம் டூட்டிக்குக் கெளம்பிகினு கீது!” என்று ஒருவர் கத்த, கூட்டமே சிரித்தது.

வீடு திரும்பிய பிறகும் அம்மா விசும்பிக்கொண்டிருந்தாள்.

“அதான் எழுந்துட்டேனேடி, இன்னும் ஏன் அழுவுறே?”

“எழுந்தீங்களா? எனக்குக் கண்ணீர் மறைச்சிடுச்சுங்க.”

அப்பா அன்றைக்கு ஒட்டுமீசையோடுதான் சாப்பிட்டார்.