படகைக் கூரை என்று நினைத்தோம்

தார்ப்பாய் வாங்கவும் கட்டவும் தாராவிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். வைகாசி பிறந்தால் எங்கள் சந்தில் பாதிப்பேர் கூரை மேல்தான் இருப்போம். பாயை விரித்து, இழுத்துக் கட்டி, மேலே பழைய டயரும் செங்கல்லும் ஏற்றிவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கூரை ஏறத் தெரியும்.

கோவண்டி பக்கம் சீத்தா கேம்ப்பில் இருக்கும் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, தோல் பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பழைய மரப்படகு ஒன்று வாங்கியிருந்தான். கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடிப்பான். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி மூடிவைக்க வேண்டும். பலகை இற்றுப்போனால் தம்பி மறுபடி பட்டறைக்குத்தான் போகணும் என்று வீட்டுக்காரி தினமும் என்னிடம் சொல்லுவாள், மழையை நான்தான் அனுப்புகிறேன் என்பதுபோல.

நானும் மச்சானும் தாராவியிலேயே கடைக்குப் போனோம். மெல்லிய நீலப்பாய் வெயில் பட்டால் நார்நாராகிவிடும். கான்வாஸ் நல்லதுதான், நனைந்தால் யானைக்கனம். கடைசியில் ஓரமெல்லாம் பித்தளை வளையம் வைத்த தடித்த கறுப்புப்பாயை எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் சுருட்டச் சொன்னேன். ரயிலில் லக்கேஜ் பெட்டியில் ஏற்றினோம். மீன்கூடைக்காரம்மா ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்து குர்லாவிலிருந்து கோவண்டி வரை சுகமாகத் தூங்கினாள். எழுப்ப மனசு வரவில்லை, அவள் இறங்கும்வரை நாங்கள் நின்றுகொண்டே வந்தோம்.

கரையில் படகை மூடினோம். கூரைக்குக் கட்டுகிற மாதிரியே இறுக்கிக் கட்டி, இடைவெளி இல்லாமல் ஓரங்களைச் செருகி, மேலே டயர்களை ஏற்றினோம். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த கோலி மீனவ அம்மா ஒருத்தி, உள்ளே யார் குடிவரப் போகிறார்கள் என்று இந்தியில் கேட்டாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

முதல் பெருமழை விட்ட காலையில் மச்சான் போன் செய்தான்.

"அத்தான், படகு மேல ஒரு கொளம் கெடக்கு. சட்டுனு வாங்க."

போய்ப் பார்த்தால் டயர்கள் பாயை அமுக்கிக் குழியாக்கி, குழி நிறையத் தண்ணீர். படகு ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. வாளியால் இறைத்துவிட்டுப் பாயைத் தூக்கினோம். சோற்றுப்பானை மூடியைத் திறந்ததுபோல வெக்கை அடித்தது. பலகையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். மச்சான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"இது போச்சுன்னா நான் திரும்பவும் அந்தப் பட்டறை மேஸ்திரிகிட்டத்தான் போய் நிக்கணும் அத்தான்."

கோலி அம்மா வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். உங்கள் கூரையில் பாய்க்கு அடியில் தகரம் தாங்கும், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். நெடுக ஒரு மூங்கிலை நடுவில் உயர்த்திக் கட்டச் சொன்னாள், அப்போதுதான் தண்ணீர் இரண்டு பக்கமும் வழியுமாம். மேலே பாரமே கூடாது, கயிற்றைப் படகின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். முன்னும் பின்னும் வாய் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் வேர்த்தே அழுகிவிடும். பூஞ்சணத்தைத் துடைத்துக் காயவைத்து அப்படியே கட்டினோம். அந்த மழைக்காலம் முழுக்க, பலத்து ஊற்றினால் மறுநாள் நான் கோவண்டிக்கு ரயிலேறிவிடுவேன். கயிறு தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவேன். தளராமல் இருந்தாலும் இழுத்துக் கட்டுவேன்.

நாரளி பௌர்ணமிக்குக் கோலிக்காரர்கள் கடலுக்குத் தேங்காய் விட்டு மறுபடி மீன்பிடிக்கத் தொடங்கும் அன்று பாயை எடுத்தோம். மச்சான் ஒவ்வொரு பலகையாக விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். ஒன்று மட்டும் சத்தம் மழுங்கியிருந்தது, உள்ளே இற்றிருந்தது. நல்லவேளை, தண்ணீர் தொடாத மேல்பலகை.

"இத பொறவு மாத்திக்கிடலாம். தள்ளுங்க அத்தான்."

தள்ளினோம். தண்ணீரில் இறங்கியதும் துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தவன் திரும்பியே பார்க்கவில்லை. தூக்குச்சட்டியோடு வந்த என் வீட்டுக்காரி கரையில் நின்று கத்தினாள்.

"சாப்ட்டுட்டுப் போலே!"