என் காப்பைக் கருப்பு வாங்கிக்கொண்டார்

முதலில் என் கிறுக்குத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமியின் பெருமை அப்புறம். நான் இம்புட்டுக் கிறுக்கனாக இல்லாவிட்டால் சாமிக்கு அம்புட்டு வேலை வந்திருக்காது.

மனைவி மாசமாக இருக்கும்போது கருப்பு கோயில் புரவியெடுப்புக்கு, அதாவது மண்குதிரை சுமந்துவந்து வைக்கும் திருவிழாவுக்கு, காப்புக் கட்டிக்கொண்டவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். பூசாரி மாமா மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஒருதரம் கேட்டார்.

"மாப்ள, வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா. யோசிச்சுக்க."

"மாமா, எம்பிள்ள என்னைய மாதிரித்தான இருக்கும்? நான் எங்கிட்டாச்சும் நேரத்துக்கு வந்திருக்கேனா? அது தீவாளி கழிச்சு ஆடி அசைஞ்சுதான் வரும். நீங்க கட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி மாமா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததும் இல்லை. கயிற்றைக் கட்டினார். மறுநாள் விடிந்ததும் என் மனைவி தவமணிக்கு வலி கண்டுவிட்டது.

எங்கள் ஊர் அலங்காநல்லூர் தாண்டி வடக்கே, மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த இரண்டும் வராது. வெளியூர் அன்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீட்டு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சாப்பாடு, படுக்கை எல்லாம் கோயில் கொட்டகையில்தான். பிள்ளை பிறந்த வீடு தீட்டு வீடு. ஆக, என் மனைவியை ஆட்டோவில் ஏற்றி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவளுடைய அக்கா பேச்சியம்மாள். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியவன் நான். பிழைப்புக்கு ஓட்டுவது லோடு ஆட்டோ. ஊரார் தேங்காயை எல்லாம் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன், என் பெண்டாட்டியைக் கொண்டுபோக முடியாமல் நின்றேன்.

காப்பை நான் விளையாட்டுக்குக் கட்டவில்லை. வாய்தான் விளையாட்டு வாய். இதற்கு முன்னால் தவமணிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும், குதிரையோடு சேர்த்து மண்ணில் ஒரு பிள்ளை உருவமும் செய்து சுமந்துவந்து உன் காலடியில் வைக்கிறேன் என்று கருப்பிடம் வேண்டியிருந்தேன். அந்த மண் பிள்ளை கொட்டகையில் சுண்ணாம்பு பூசிக் காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் பேச்சியம்மாள் போன் பண்ணினார்.

"தம்பி, பொம்பளப் பிள்ள. ஆனா ரொம்பச் சின்னதா இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக."

எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. "சரி மதினி" என்றேன்.

ஒரு வாரத்துக்கும் மேலே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் போன் வழியாகத்தான் தகப்பன். இன்றைக்கு மூச்சு நன்றாக விடுகிறாள். இன்றைக்குப் பால் கொஞ்சம் குடித்தாள். இன்றைக்குக் குடிக்கவில்லை. ஒவ்வொரு போனுக்கும் கருப்பின் முன்னால் போய் நின்று விபூதி பூசிக்கொள்வேன். என் நெற்றியில் அப்போது தோலைவிட விபூதிதான் அதிகம்.

பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக, இடையில் துணி இல்லாமல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த உடம்புச் சூடுதான் அவளுக்குப் பெட்டி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தவமணி அப்படியே வைத்துக்கொண்டாள். இராப்பகலாக. கீறி எடுத்த வயிறு, தூக்கம் கிடையாது. தீட்டு என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. துணைக்கு இருந்த பேச்சியம்மாளுக்கோ சளியும் இருமலும். பிள்ளைப் பக்கம் போகவே பயந்தார். நான் தெருக்கோடியில் நின்று, "தவமணி, நல்லா இருக்கியா?" என்று கத்துவேன். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். என் குடும்ப வாழ்க்கை அப்போது அவ்வளவுதான்.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. மலைக்காற்று கோயில் கொட்டகைக்குள் புகுந்து எங்களையே நடுக்கியது. அன்று முற்பகலில் "இருக்கேன்" என்ற சத்தம் வரவில்லை. பேச்சியம்மாள்தான் வாசலுக்கு வந்தார். முந்தானையால் வாயை மூடியிருந்தார்.

"தம்பி, அவ எந்திரிச்சா தலை சுத்தி விழுறா. பிள்ளை காலு சில்லுன்னு கிடக்கு. பால் சப்ப மாட்டேங்குது. நர்சம்மாவுக்குப் போன் போட்டிருக்கேன்."

நான் கோயிலுக்கு ஓடினேன். வேறு எங்கே ஓட? கருப்பின் அரிவாளுக்கு முன்னால் விழுந்தேன். அன்றைக்கு நான் கும்பிட்டது ஒழுங்கான கும்பிடு இல்லை. சண்டை.

"கருப்பா, உன்னை நம்பித்தானே கட்டினேன். காப்போடு வீட்டுக்குள் போனால் சாமி குத்தம். அது பிள்ளை தலையில் விடியும். போகாமல் இருந்தால் பிள்ளை குளிர்ந்து போகும். இந்தப் பக்கமும் நீதான், அந்தப் பக்கமும் நீதான். நான் எந்தப் பக்கம் போவது? ஒரு வழி காட்டு. என் பிள்ளையின் கால் சூடாக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்."

பல்லி கூடச் சத்தம் போடவில்லை. மழைதான் பெய்தது.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்சம்மா. சமயநல்லூர்க்காரர். எங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களில் பிள்ளை பிறந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்க்கிறவர். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தைப் பார்த்ததுமே என் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறார் என்று தெரிந்தது.

"நீதான் தவமணி வீட்டுக்காரரா? இங்க என்னய்யா பண்ற?"

"காப்புக் கட்டியிருக்கேன்மா. இந்தக் குதிரைக்கும் மண்ணு பிள்ளைக்கும் காவல்."

"மண்ணு பிள்ளைக்குக் காவல் இருக்க நீயி. ரத்தமும் சதையுமான பிள்ளைக்கு யாருய்யா இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர்கிட்டப் பேசிட்டேன். மொதல்ல சூடேத்தணும். இந்த ஈரக்காத்துல அப்படியே தூக்கிட்டுப் போனா வழியிலயே இன்னும் குளுந்து போகும். தவமணியால இப்ப முடியாது, அவ படுக்கணும். அந்த அக்காளுக்கு இருமல். ஒரு தெடமான நெஞ்சு வேணும்யா எனக்கு. ஓடையில தண்ணி ஏறிக்கிட்டு வேற இருக்கு."

"பிள்ளை பொழைச்சிருமாம்மா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. வா."

நான் நகரவில்லை. நகர முடியவில்லை. பூசாரி மாமா தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றார்.

"அய்யா, எங்க வீட்லயும் காப்புக் கட்டுவாக. எனக்கு எல்லாம் தெரியும். நான் காப்ப அவுக்கச் சொல்லல. இந்தாள் நெஞ்ச மட்டும் கொஞ்ச நேரம் கேக்குறேன்."

பூசாரி மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார். கருவறைக்குள் போனார். திரை விழுந்தது. அந்த நேரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. மாட்டேன் என்று வந்து சொன்னால் என்ன செய்வேன்? போ என்று சொல்லி, அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மஞ்சள் கயிற்றைத் திருகித் திருகி மணிக்கட்டு சிவந்துவிட்டது. நர்சம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஓடைப் பக்கம் பார்ப்பதுமாக இருந்தார்.

மாமா வெளியே வந்தார். என் கையைப் பிடித்தார். முடிச்சை அவிழ்த்தார். அறுக்கவில்லை, அவிழ்த்தார். அந்தக் கயிற்றைக் கொண்டுபோய்க் கருப்பின் அரிவாள் பிடியில் கட்டினார்.

"ஒன் வெரதத்த அவரு இருந்துக்கிருவாரு. ஓடு."

ஓடினேன். ஸ்கூட்டர் எனக்குப் பின்னால்தான் வந்தது.

வீட்டு வாசலில் கைகால் கழுவச் சொன்னார் நர்சம்மா. சோப்புப் போட்டு முழங்கை வரை. "சட்டையக் கழட்டு" என்றார். விரதக்காரனுக்கு ஏது சட்டை? இடுப்பில் ஈரத்துண்டுதான் இருந்தது. அதையும் மாற்றச் சொல்லி உலர்ந்த வேட்டி கொடுத்தார்கள். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். தவமணி பாயில் கிடந்தாள். கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"காப்பு எங்க?"

"கருப்புகிட்ட."

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அதற்குள் பிள்ளையை என் நெஞ்சில் வைத்துவிட்டார்கள்.

அன்பர்களே, என் மகளை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். குருவிக்குஞ்சு மாதிரி இருந்தாள். கண் மூடியிருந்தது. கால் இரண்டும் என் வயிற்றில் பட்டன. ஓடைக் கூழாங்கல் போலச் சில்லென்று இருந்தன. என் உடம்பே சிலிர்த்தது. நர்சம்மா அவளையும் என்னையும் சேர்த்து ஒரு பருத்திச் சேலையால் சுற்றிக் கட்டினார். தலைக்குக் குல்லா. மேலே ஒரு கம்பளி.

"அசையாத. பேசு."

"என்னம்மா பேசுறது?"

"என்னத்தையாச்சும் பேசு. ஒன் சத்தம் அதுக்குக் கேக்கட்டும். ஊரெல்லாம் பேசுறியாமே, பெத்த பிள்ளைகிட்டப் பேசத் தெரியாதா?"

பேசினேன். தேங்காய் லோடு ஏற்றுவது எப்படி என்று பேசினேன். வாடிப்பட்டி ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்று சொன்னேன். நடுநடுவே "கருப்பா, கருப்பா" என்றேன். நர்சம்மா கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கம்பளிக்குள் புறங்கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். இன்னும் இல்லை. மறுபடி பார்ப்பார். இன்னும் இல்லை. ஓடையின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்க ஆரம்பித்தது. பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். ஒரு கட்டத்தில் குனிந்து அவளைப் பார்த்தேன். அவள் மூச்சு விடுகிறாளா, அல்லது என் நெஞ்சு ஏறி இறங்குவதால் அவள் அசைகிறாளா என்றே தெரியவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அவள் அசைந்தாள். அவளுடைய மூச்சுதான்.

அப்போது என் வயிற்றில் சூடாக ஏதோ வழிந்தது.

"அம்மா! என்னமோ ஆகிப் போச்சும்மா!"

நர்சம்மா ஓடிவந்து பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

"மூத்திரம்யா. நல்லதுதான். கத்தாத."

ஊரில் எத்தனையோ கோயிலில் எத்தனையோ தீர்த்தம் வாங்கியிருக்கிறேன். அதுபோல ஒன்று என் மேல் பட்டதில்லை. துணி மாற்றி மறுபடி கட்டினார்கள். அதற்கப்புறம் அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வாயைக் குவித்துக்கொண்டு என் நெஞ்சில் முட்டினாள். பால் தேடுகிறாள்! என் நெஞ்சு முடியில்! நர்சம்மா பாதத்தைத் தொட்டார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்தப் பாதத்தின் மேல் வைத்தார். சூடு.

"தவமணி, எந்திரி. ஒம் மகளுக்குப் பசிக்குது. இந்தாள்கிட்ட ஒண்ணும் கிடைக்காது."

தவமணி எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை சப்பிக் குடித்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் கோயில் இருக்கும் திசையில் விழுந்து கும்பிட்டேன். ஓடை ஏறி நர்சம்மாவின் வழியை அடைத்துவிட்டது. பொழுது சாய்ந்தும் எங்கள் வீட்டிலேயே இருந்து, பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் போனார்.

பயம் அன்றோடு தீரவில்லை. ஒவ்வொரு வாரமும் எடை ஏறுமா, ஏறாதா என்று தவித்தோம். நானும் தவமணியும் முறை வைத்து நெஞ்சில் கட்டிக்கொண்டோம். நர்சம்மா வந்துகொண்டே இருந்தார். முகத்துக்கு நேரே பேசு, கைதட்டிக் கூப்பிடு, குப்புறப் போட்டு முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு புது வேலை கொடுப்பார். இன்றைக்கு என் மகள் கருப்பாயி வீடு முழுக்கத் தத்தித் தத்தி நடக்கிறாள். என் நகைச்சுவைக்கு இந்த ஊரில் இன்னும் சிரிக்கிற ஒரே ஆளும் அவள்தான்.

நானும் மாறினேன். கிண்டல் பேச்சு போகவில்லை, அதைக் கருப்பாலும் மாற்ற முடியாது. ஆனால் மலையடிவாரத்தில் எந்த ஊரில் மாசம் நிறையாமல் பிஞ்சுப் பிள்ளை பிறந்தாலும், நர்சம்மாவை என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். "ஆம்பள எப்படிப் பிள்ளையக் கட்டிக்கிறது" என்று வெட்கப்படும் தகப்பன்களுக்கு முன்னால் என் நெஞ்சைக் காட்டி, "இதுல தாங்குச்சுன்னா ஒன் நெஞ்சுல தாங்காதாடா மாப்ள?" என்பேன்.

நெருக்கடியில் இருக்கும் அன்பர்களே, நம் சாமியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். வழி எந்த ரூபத்தில் வந்து நிற்கும் என்று தெரியாது. வந்தால் கூடவே ஓடுங்கள். நம்முடைய பாரத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள அவர் இருக்கிறார்.

இதை எழுதுவதற்கு முன் பூசாரி மாமாவைப் போய்ப் பார்த்தேன். சாட்சி சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டுமே. "மாமா, அன்னைக்குத் திரையைப் போட்டுட்டு உள்ள நின்னீகளே, கருப்புகிட்ட என்னன்னு கேட்டீக? அவரு என்னதான் சொன்னாரு?" என்றேன்.

அவர் குத்துவிளக்கைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"இதையெல்லாமாடா சாமிகிட்டக் கேப்பாக?"