வலது கன்னம்

டவுன் பஸ் வராத காலம். ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் கிழக்கேகோட்டையில் தனியாகக் குடியிருந்தார். காலையில் வடக்கே நடந்து வருவார், மாலையில் தெற்கே திரும்புவார். இரு வேளையும் வெயில் வலது கன்னத்தில்தான் அடிக்கும். அந்தப் பாதி முகம் மட்டும் கறுத்திருந்தது.

மீனமாச வெயில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. குடை பிடிக்கவும், குளிக்குமுன் ரக்தசந்தனம் உரைத்துப் பூசவும் சொன்னேன். தட்டாமல் செய்தார். அடுத்த மேட மாசம் முடியுமுன் முகம் ஒரே நிறமாகிவிட்டது.

"இப்போ நன்னா இருக்கு ஓய்" என்றேன்.

"சவரம் பண்றச்சே கண்ணாடியில ரெண்டு பேர் இருக்காப்பல இருந்தது, கேட்டேளா. இப்போ நான் ஒருத்தன்தான்" என்றார்.

மறுநாள் காலை நல்ல வெயில். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கன்னத்தை வெயிலுக்குக் காட்டியபடி வந்தார்.