ஒரு தேவாரம் எரியும் திரி

உடுவிலில் இராசநாயகத்தின் இடது புருவத்தைப் பற்றிக் கேட்டால் சிறு பிள்ளையும் சிரிக்கும். கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டுகிறவர் அவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் ஒரு திரியைக் கொளுத்தித் திரும்புமுன்னே வாணம் சீறிக்கொண்டு புருவத்தைத் தின்றுவிட்டுப் போனது. அது பிறகு முளைக்கவேயில்லை. விசேஷ நாட்களில் மனைவி குணலட்சுமி கண் மையால் ஒன்று வரைந்து விடுவாள்.

அன்றே அவள் சபதம் எடுத்தாள். தான் சோதிக்காத எந்த வாணக் கட்டும் கோயில் வாசலை மிதிக்காது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு வாணத்தை உருவி, வெங்காயம் கிண்டியெடுத்து வெறுமையான தோட்டத்தில் நட்டு, திரியைக் கொளுத்துவாள். ஒரு தேவாரம் சொல்லிக்கொண்டே வரம்புக்கு நடப்பாள். தேவாரம் முடியுமுன் வாணம் கிளம்பினால், அந்தக் கட்டு முழுவதும் தண்ணீர்ப் பீப்பாவுக்குள்.

“போனிலை நேரம் பாக்கலாமே அம்மா,” என்பாள் மகள் நிரோஜா.

“போனுக்குச் சார்ஜ் இறங்கும். தேவாரத்துக்கு இறங்குமோ?”

இந்த வருடம் பூங்காவனத் திருவிழாவன்று காலை அந்தத் தேவாரத்துக்கே சோதனை வந்தது. தேரன்று அரோகரா போட்டதில் குணலட்சுமியின் தொண்டை கட்டி, கரகரவென்று ஒன்றிரண்டு வரிக்குமேல் குரல் வரவில்லை. மாலைக்குள் பன்னிரண்டு கட்டுகளையும் சோதித்தாகவேண்டும். இல்லையென்றால் வாணமில்லாத பூங்காவனம்.

நிரோஜாவுக்கு நிச்சயித்திருந்த கஜீவன் அந்த நேரம் பார்த்து வந்து நின்றான். அளவெட்டியில் பேர்போன நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை; அன்று மாலை கோயிலில் அவனுடைய வாசிப்பு.

“நான் சொல்லுறன் மாமி.”

குணலட்சுமி கொளுத்திவிட்டு நடந்தாள். கஜீவன் கண்களை மூடி முதற்சொல்லை எடுத்தான், இழுத்தான், குழைத்தான், மேலே ஏற்றினான். குரல் இறங்குமுன் வாணம் ஏறிவிட்டது. முதற்கட்டு பீப்பாவுக்குள் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும்!

“உவர் ராகமெல்லோ பாடுறார்! திரி பாவம் என்ன செய்யும்?” பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் இராசநாயகம் பீப்பாவைக் கட்டிக்கொண்டார்.

குணலட்சுமி நெருப்புக் கொள்ளியைக் கஜீவனிடம் நீட்டினாள். “நீங்களே கொளுத்திப்போட்டுச் சொல்லுங்கோ தம்பி.”

கொளுத்தினான். ஒரே மூச்சில் தேவாரம் முடிந்தபோது அவன் வரம்பையும் தாண்டியிருந்தான். திரியோ பாதிகூட எரியவில்லை.

“பாத்தியே, தங்கத் திரி!” என்று துள்ளினார் இராசநாயகம்.

“பயத்திலை சொன்னது செல்லாது. பின்னேரம் கோயிலிலை கொளுத்துறவைக்கும் புருவம் இருக்கு. வீட்டிலை பெண்சாதி இருக்கு.” கரகரத்தபடி அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “நீ சொல்லு பிள்ளை.”

நிரோஜா தயங்கினாள். அம்மா அடுத்த திரியைக் கொளுத்தியதும், சிறுவயதில் விளக்கடியில் அம்மாவோடு சேர்ந்து சொன்னது போலவே, அதே நடையில், அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கிச் சொன்னாள். குணலட்சுமி வரம்பில் போய் அமர்ந்தாள். மகள் கடைசிச் சொல்லை முடித்து வாய் மூட, வாணம் கிளம்பியது.

குணலட்சுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. “என்ரை நடையை இவளெல்லோ வைச்சிருக்கிறாள்!”

மத்தியானத்துக்குள் மிச்ச ஒன்பது கட்டுகளும் தேறின.

“அப்ப அந்த மூண்டும் நல்லதுதானே, குணம்?” இராசநாயகம் பீப்பாவைப் பார்த்தபடியே கேட்டார்.

“நனைஞ்சது நனைஞ்சதுதான். முகத்தைக் காட்டுங்கோ.” மையைத் தொட்டுப் புருவத்தை வரையத் தொடங்கினாள்.

கஜீவன் மெல்லக் கிட்ட வந்தான். “மாமி, கலியாணம்...?”

“அதுக்கென்ன, நடக்கும். நீங்கள் இண்டைக்குக் கோயிலிலை ஆசை தீர வாசியுங்கோ. திரியடிக்கு மட்டும் வந்திடாதேங்கோ.”