டிரில் டீச்சரின் மலிவுத் துப்பாக்கி

மார்கழி மாதத்துக் காலை, பள்ளி விளையாட்டு விழா. எட்டுப் பெண்கள் சுண்ணாம்புக் கோட்டில் விரலூன்றிக் குனிந்திருந்தார்கள். டிரில் டீச்சர் கையை வானத்துக்கு நீட்டித் துப்பாக்கியின் விசையை இழுத்தார். வெடிச் சத்தம் வரவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பல்லிகூட அதைவிடப் பலமாகக் கத்தும். அதைக் கேட்டு ஆறு பேர் ஓடிவிட்டார்கள், இரண்டு பேர் குனிந்தபடியே இருந்தார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் முந்தின நாள் அந்தத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டவள் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். டிரில் டீச்சர் ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாணவிகளோடு தானும் ஓடுவார் என்பதால் ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் இருந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்த வருஷம் வட்டாரப் போட்டி தென்காசியில் நடப்பதாக இருந்தது. பெண்கள் ஓட்டங்களுக்குத் துப்பாக்கி சுட்டுத் தொடங்கிவைக்கும் வேலையை அவருக்குத் தருவதாகப் போட்டியின் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வட்டாரத்தில் அதுவரை அந்த இடத்தில் ஒரு பெண் நின்றதில்லை. டீச்சர் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார், ஆனால் ஸ்டாஃப் ரூமில் தனியாக இருக்கும்போது கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

அதற்கான துப்பாக்கியை வாங்கித் தருவதில் பள்ளி கையை இறுக்கிக்கொண்டது. இருப்பதிலேயே மலிவான ஒன்று வந்தது. குண்டில்லாமல் வெடி மட்டும் வெடிக்கிற, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடுகிற சின்னத் துப்பாக்கி. அந்தத் தோட்டாவில் தீப்பற்றுகிற மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்காது, சுற்று விளிம்புக்குள் இருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும். மருந்து ஒரு பக்கம் குறைந்திருந்தாலோ, ஊசி சோம்பலாக அடித்தாலோ, ‘டிக்’தான்.

பள்ளி விளையாட்டு விழாவில் அது ‘டிக்’ என்றபோது, விருந்தினராக வந்திருந்தவர் அந்தச் செயலாளரேதான். பையன்கள் பள்ளி ஒன்றின் டிரில் மாஸ்டர் அவர், நல்ல மனிதர். மறு ஓட்டம் முடிந்ததும் டீச்சரிடம் வந்து, வட்டாரப் போட்டிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு சாரை வரச்சொல்வதாகவும், டீச்சர் முடிவுக்கோட்டில் கொடி பிடித்தால் போதும் என்றும் தணிவாகச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

என் குற்றம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் தலைக்கு வைக்க எடுத்தால் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது. பொதிகைக் காற்று இறங்குகிற மாதங்களில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், புட்டியை வெயிலில் வைத்து இளக்கிய பிறகுதான் தலைவாரல். அன்றும் முற்றத்து வெயிலில் புட்டியை வைத்தேன். வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவுக் கீல், கிணற்று உருளை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் நாங்கள் போடுவது பக்கத்து இலஞ்சியில் இருக்கும் எங்கள் தோப்புத் தேங்காய் எண்ணெய்தான். துப்பாக்கிக்கும் அதையேதான் தாராளமாக ஊற்றியிருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் மதியம் வெடித்துப் பார்த்தபோது வெடித்தது. விடியற்காலைக் குளிரில் உறைந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு ஊசி எங்கே ஓங்கி அடிக்கும்?

பள்ளிக்கு ஓடிப்போய் டீச்சரிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“ஏட்டி, அது என்ன, தலைக்கா குளிக்கப் போவுது?” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

லேபில் இருந்த மண்ணெண்ணெயில் துப்பாக்கியை ஊறவைத்துக் கழுவி, துடைத்துக் காயவைத்தோம். மறுநாள் காலை இலஞ்சிக் குளத்தங்கரையில் வெடித்துப் பார்த்தோம். பெரும்பாலும் வெடித்தது, நாரைகள் எழுந்து பறந்தன, நான் கைதட்டினேன். ஆனாலும் இடையிடையே ‘டிக்’ வந்தது. அப்போதெல்லாம் டீச்சர் துப்பாக்கியை இறக்காமல் வானத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டு நிதானமாக முப்பது எண்ணுவார், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று. பிறகு திறந்து, தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் வேறு இடத்தில் அடிபட வைப்பார். வெடித்துவிடும். பாதிக் குற்றம் என்னுடையது, மீதி மலிவுச் சரக்கின் குணம்.

டீச்சர் நேரே செயலாளரிடம் போய் எண்ணெய்க் கதையைச் சொன்னார். இன்னமும் சில சமயம் வெடிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார். அவர், திருநெல்வேலி சார் வரவேண்டாம், பெண்கள் ஓட்டத்தை மட்டும் டீச்சரே தொடங்கலாம் என்றும், ஒரு குழப்பம் வந்தால் தானே விசிலோடு வந்து நின்றுவிடுவதாகவும் சொன்னார்.

போட்டியன்று ஓடவந்த பெண்களையெல்லாம் டீச்சர் ஒன்றாகக் கூப்பிட்டார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் டீச்சர், நாமே நம் மானத்தை வாங்கிக்கொள்வானேன், வெடித்தாலும் வெடித்துவிடும் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

“சொல்லாம விட்டா, ‘டிக்’குக்கு ஓடுத பிள்ள மேலதாம்ட்டி தப்பு விழும். துப்பாக்கி மேலயா விழும்?” என்றார்.

பிறகு அவர்களைப் பார்த்து, துப்பாக்கியை உயர்த்திக் காட்டினார். “பிள்ளைகளா, இது ஒசத்தியான துப்பாக்கி இல்ல. சில நேரம் ‘டிக்’குன்னு சொல்லிட்டு சும்மா இருந்துரும். அப்ப யாரும் அசையாதிய. நான் சரி பண்ணி, திரும்பச் சுடுவேன். வெடி கேட்டாத்தான் ஓட்டம்.” யாரும் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும், டிக் கேட்டால் மூச்சு விடலாமா என்று கேட்டாள். தாராளமாக விடலாம் என்றார் டீச்சர்.

காலை முழுவதும் ஒவ்வொரு தோட்டாவும் வெடித்தது. நூறு கஜ ஓட்டத்தின் இறுதிச் சுற்றில்தான் அது தன் குணத்தைக் காட்டியது. ‘டிக்.’ செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், எட்டுப் பெண்களும் கோட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு விரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. டீச்சர் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, கையை இறக்காமல் முப்பது எண்ணினார், தோட்டாவைத் திருப்பினார், மறுபடி குனியச் சொன்னார். வெடித்தது. யார் ஜெயித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் நீர்.

செயலாளர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மத்தியானம் பையன்கள் ஓட்டம், அதை அவர் விசில் ஊதித் தொடங்குவதாக இருந்தது.

“பையனுவளுக்கும் நீங்களே சுட்டுருங்க டீச்சர்” என்றார்.

டீச்சரின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் உடனே சரி என்று சொல்லவில்லை. “அப்ப அவங்களயும் ஒருதரம் கூப்பிடுங்க சார். முதல்லயே சொல்லீரணும்” என்றார்.