இடது தோள் குனிந்தவன்

போன வாரம் என் மகன் என்னைக் கோப்பி குடிக்க அழைத்துப் போனான். துறைமுகத்துக்கு எதிரே நான் மூட்டை சுமந்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிக் கதவு வைத்துக் கோப்பிக்கடை ஆக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த வாசலில் செருப்பில்லாமல் நின்றவன் நான். இன்று என் மகனுடைய காரை நிறுத்த அங்கே இடம் பற்றவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே சாக்கு. விளக்குகள் மேல் சாக்கைக் கவிழ்த்து மூடி அழகு பார்த்திருக்கிறார்கள். எனக்கு நேர் மேலே தொங்கிய சாக்கில் இரண்டு ஓட்டை. இரண்டு வழியாகவும் வெளிச்சம் என்னையே முறைத்தது. கையில் இருந்த கோப்பி ததும்பி வேட்டியில் கொட்டியது.

"தாத்தா, கோப்பி சூடு. பாத்து லா!" என்று பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள்.

"என்னாப்பா? மறுபடியும் அந்தச் சடையன் நெனப்பா? இன்னுமா அவன விடல?" என்றான் மகன்.

"அவன் செத்துத் தொலஞ்சுட்டான். இனிமே எப்படிடா விடுறது?" என்றேன்.

மகனுக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. உங்களுக்குப் புதிது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். எழுத்துப் பிழை இருந்தால் மருமகள் திருத்திவிடுவாள். கோபத்தில் மட்டும் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. அரிசிச் சாக்கு வேறு, சீனிச் சாக்கு வேறு, கொப்பரைச் சாக்கு வேறு. மழையில் நனைந்தால் மூன்றும் ஒன்றுதான், நனைந்த நாய். அந்த வாசனையோடுதான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம். ஜப்பான்காரன் வந்த பிறகு அதையே உடுத்தவும் செய்தோம். கடைகளில் துணி இல்லை. என் அண்ணன் மாணிக்கத்துக்கு அம்மா சாக்கை வெட்டி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். உடம்பெல்லாம் அரிக்கும். "அம்மா, இதுக்கு முள்ளம்பன்னியக் கட்டிப்புடிச்சிக்கிட்டே இருக்கலாம்," என்பான். அம்மா சிரிப்பார். அந்த வீட்டில் கடைசியாக நான் கேட்ட சிரிப்பு அந்தச் சட்டையைப் பற்றியதுதான்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் சங்கிலியண்ணன். மூட்டை தூக்குவதில் அவரைவிடப் பலசாலிகள் இருந்தார்கள். நானே இருந்தேன். ஆனால் குரல் அவருடையது. தொங்கான் என்கிற சரக்குப் படகிலிருந்து மூட்டை ஏறும்போது அவர் குரலெடுத்து, "ஏஏஏ... வாங்கு ராசா வாங்கு!" என்று இழுப்பார். நாங்கள் எல்லோரும், "வாங்கியாச்சு ராசா!" என்று குரல் கொடுத்துக்கொண்டே குனிவோம். புதிதாக வந்த கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இவர் என்னத்தை விக்கிறார்?" என்று கேட்டது வெகுநாள் எங்களுக்குச் சிரிப்பாக ஓடியது.

அந்த 'ஏஏஏ' வந்ததும் இடது கையை முட்டியில் ஊன்றி, வலது தோளைத் தாழ்த்திவிட வேண்டும். பின்னால் இரண்டு பேர் மூட்டையை விட்டுவிடுவார்கள். ஒரு நொடி பிந்தினால் கழுத்து முறியும். அதனால் யோசித்துக் குனிகிற வேலையே இல்லை. காதில் விழுந்தால் உடம்பு குனிந்துவிடும். ஒருமுறை என் அண்ணன் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது சங்கிலியண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்து, அவன் அர்ச்சனைத் தட்டோடு குனிந்து, தேங்காய் உருண்டு ஐயர் காலில் போய் விழுந்தது. அன்றைக்கு ஐயர் பேசிய தமிழை நான் இங்கே எழுத முடியாது.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் வலது தோளில் சுமக்க மாட்டான். அவன்தான் சடையன். இளவயதில் வலது தோள் எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதனால் இடது தோள். "பீச்சாங்கைச் சடையா" என்று கூப்பிடுவோம். அவனும் சிரிப்பான். வேறு எந்த மேஸ்திரியும் அவனைச் சேர்க்கவில்லை. சங்கிலியண்ணன்தான், "தோளு எதுவா இருந்தா என்னடா, சொமக்குதுல்ல?" என்று சேர்த்துக்கொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் மறக்கவில்லை.

ஜப்பான்காரன் கிட்டங்கியில் அரிசி மலை மாதிரி இருக்கும். எங்கள் வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு. குழந்தைகளுக்குக் காலும் முகமும் வீங்கிவிட்டன. சங்கிலியண்ணன் ஒரு வேலை செய்தார். மூட்டையை, நாங்கள் அதை இழுக்க வைத்திருக்கும் இரும்புக் கொக்கியால் லேசாகக் குத்தி, ஒழுகுகிற அரிசியை இடுப்புத் துணியில் வாங்கிக் கொண்டுபோய், பிள்ளை இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தார். அவர் கூட நின்றவன் என் அண்ணன். திருட்டு என்பீர்களோ? என் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

ஒரு காலையில் வேலைக்குப் போனால் கிட்டங்கி வாசலில் ஜப்பான் லாரி. எங்களை வரிசையாக நிற்கச் சொன்னான். துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவில் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். தலையிலிருந்து முட்டிவரை பெரிய சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தச் சாக்கு வரிசையின் முன்னால் மெதுவாக நடந்தது. யார் முன்னால் நின்று தலையை ஆட்டுகிறதோ அவன் லாரியில் ஏற வேண்டும்.

என் அண்ணன் முன்னால் நின்றது. ஆட்டியது.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, தொங்கான்ல வெளியூர் வேலைக்குப் போயிருக்கேன்னு அம்மாட்ட சொல்லு," என்றான். அந்தச் சாக்குச் சட்டையோடு ஏறினான்.

அடுத்து என் முன்னால் நின்றது. ஓட்டைக்குள் கண் இருப்பது மட்டும் தெரிந்தது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். பலசாலி என்று கொஞ்சம் முன்னால் சொன்னேனே, அதே ஆள்தான். சாக்கு ஆடவில்லை. என்னைத் தாண்டிப் போய்ச் சங்கிலியண்ணன் முன்னால் நின்று, ஆட்டியது.

சங்கிலியண்ணன் அந்தச் சாக்கை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு அடி லாரிப் பக்கம் நடந்தவர் சட்டென்று நின்று, கப்பல்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஏஏஏ... வாங்கு ராசா வாங்கு!" என்று இழுத்தார்.

நாங்கள் அத்தனை பேரும் குனிந்தோம். வலது தோள்.

சாக்கும் குனிந்தது. இடது தோள்.

சங்கிலியண்ணன் சிரித்தார். "பாத்துக்கிட்டீங்களாடா?" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது. துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. அந்தக் குரல் வந்த வாயில். ரத்தத்தோடு அவரை லாரியில் தூக்கிப் போட்டார்கள். என் அண்ணன் அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். லாரி போய்விட்டது.

இருவரும் திரும்பவில்லை. ஜெயிலில் முடித்துவிட்டான் என்றார்கள். சயாமுக்கு ரயில் போட அனுப்பிவிட்டான் என்றார்கள். உடம்பும் இல்லை, திதி கொடுக்க நாளும் இல்லை. என் அம்மா கிழங்கு அவித்து மூன்று தட்டில் வைப்பார். சாகிற வரைக்கும் மூன்று தட்டு. சாகும்போது, "ஆடி அமாவாசைக்குக் கடல்ல அண்ணனுக்குத் தண்ணி எறைச்சிருடா. தாகத்தோட அலைவான்," என்றார்.

நான் மாட்டேன் என்றேன். செத்துக்கொண்டிருந்த தாயிடம்தான் சொன்னேன். "அந்தச் சடையன் மொதல்ல சாவட்டும். அப்புறம் எறைக்கிறேன். அதுவரைக்கும் அண்ணனும் காத்திருப்பான், சங்கிலியண்ணனும் காத்திருப்பாரு." நான் இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன வாரம் என் கொக்கியைக் கல்லில் தீட்டி எடுத்துக்கொண்டு சடையன் வீட்டுக்குப் போனேன். அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. ஆள் படகேறித் தீவுக்கு எதிரே அக்கரைக்கு ஓடிவிட்டான். கொக்கியை நான் தூக்கிப் போடவில்லை. பிறகு மூட்டை சுமந்து, சீன முதலாளி, அதாவது தவுக்கை ஒருவரிடம் லாரி ஓட்டப் படித்து, சொந்த லாரி வாங்கினேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது. எவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை, எல்லாம் இந்தக் கை. லாரியில் என் இருக்கைக்கு அடியில் அந்தக் கொக்கி எப்போதும் கிடந்தது.

அக்கரையில் சுங்கை பாக்காப்புக்கு உரமூட்டை ஏற்றிப் போன ஒரு நாள், பசியாறலாம் என்று ஓர் ஒட்டுக்கடை முன்னால் லாரியை நிறுத்தினேன். தட்டு நிறையத் தேத்தண்ணி கிளாஸ்களோடு ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். வலது தோள் கோணல். சங்கிலியண்ணன் எங்கிருந்தோ என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"ஏஏஏ... வாங்கு ராசா வாங்கு!"

தட்டு சாய்ந்தது. கிளாஸ்கள் சில்லுசில்லாகப் போயின. அவன் இடது தோளைத் தாழ்த்திக் குனிந்தபடியே நின்றான். நிமிரவில்லை.

"நீயாடா?" என்றான்.

"நான்தான். மத்தவங்க எங்கன்னு ஒனக்குத் தெரியும்."

"பஞ்சம்டா... புள்ளைங்க செத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு மூட்டை அரிசி தரேன்னான்."

"அந்தப் புள்ளைங்களுக்கு அரிசி கொண்டாந்து குடுத்தது யாருடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னான். "ஒங்கம்மாவுக்கு ஒருத்தன் மிஞ்சட்டும்னுதான் ஒன்னத் தாண்டிப் போனேன். ஒன்னயும் காட்டச் சொல்லித்தான் இருந்துச்சு."

கொக்கி இருந்தால் அந்த இடத்திலேயே இறக்கியிருப்பேன். அது லாரியில் இருந்தது. நானாக வளர்ந்தவன் என்று ஊரெல்லாம் மார்தட்டியவன் நான். இவன் என் உயிரை எனக்குப் பிச்சை போட்டதாகச் சொல்கிறான்! லாரிவரை நடந்து, கொக்கியைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. குத்தினால் ஒரே நொடியில் பாரம் இறங்கிவிடும். இறங்கக் கூடாது. இவன் சுமக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் போனேன். கடை முன்னால் நின்று ஒரே ஒரு குரல். அவன் குனிவான். நான் லாரி ஏறிவிடுவேன். சாப்பிட வந்தவர்கள், "என்னாண்ணே, அவரு என்ன பாவம் பண்ணாரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டவர்கள் மறுவாரம் அந்தக் கடைக்கு வரவில்லை. கடை மூடியது. நிபோங் திபாலுக்குப் போனான், அங்கேயும் போனேன். பாரிட் புந்தாருக்குப் போனான். என் லாரி போகாத பாதை உண்டா? ஒருமுறை அவன் மகள் என் காலில் விழாத குறையாக, "மாமா, அப்பா தூக்கத்துலயும் குனியிறாரு. விட்டுருங்க மாமா," என்றாள். "நல்லது, அப்ப ராத்திரிக்கு நான் வர வேண்டியதில்ல," என்றேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. ஒட்டுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டேன்.

அவன் செத்த செய்தி வந்ததும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் கூட்டமே இல்லை. பாடை தூக்க ஆள் குறைந்தது. அவன் மருமகன், யாரென்று தெரியாமல் என்னிடமே வந்து, "அண்ணே, ஒரு பக்கம் தோள் குடுங்கண்ணே," என்றான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பாடைப் பக்கத்தில் போய், அத்தனை பேரும் திடுக்கிட, கடைசியாக ஒருமுறை இழுத்தேன்.

"ஏஏஏ... வாங்கு ராசா வாங்கு!"

அந்த இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அப்போதுதான் அவன் செத்ததை நம்பினேன்.

அந்த ஆடி அமாவாசைக்குக் கடலில் இறங்கி அண்ணனுக்கும், சங்கிலியண்ணனுக்கும், அம்மாவுக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்தேன். கொக்கியையும் அங்கேயே எறிந்தேன். மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. எங்கள் கூட்டத்தில் மிச்சம் இருந்தவர்கள் அதற்கு முன்பே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சங்கிலியண்ணன் குரலுக்குக் குனிய உலகத்தில் பாக்கி இருந்த ஒரே தோள் அந்தத் துரோகியுடையது. அதுவும் எரிந்துவிட்டது. அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் அந்தக் குரலை அவன் தன்னோடு கொண்டுபோய்விட்டான். அதற்காகவும் சேர்த்து அவனை மன்னிக்க மாட்டேன்.

இப்போது துறைமுகத்தில் மூட்டை இல்லை. இரும்புப் பெட்டியை இரும்புக் கை தூக்குகிறது. அதற்குப் பாட்டு வேண்டியதில்லை. தொங்கான் இல்லை, கொக்கி இல்லை, சாக்கு விளக்குக்கு மேலே தொங்குகிறது.

மகன் காசு கொடுக்க எழுந்து போனான். நான் அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். இந்த வயதிலும் நன்றாகவே வந்தது.

"ஏஏஏ... வாங்கு ராசா வாங்கு!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எல்லாம் இளசுகள், நேராக நிமிர்ந்த தோள்கள். பரிமாறுகிற பெண் துடைக்கிற துணியோடு ஓடி வந்து, "என்னா தாத்தா, என்ன வாங்கணும்?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். முட்டியில் இடது கை ஊன்றி, வலது தோள் தாழ்ந்து, நான் மட்டும் குனிந்திருந்தேன்.