அண்ணன் பெயர் போட்ட அண்டா

எங்கள் பக்கத்தில் தங்கைக்குச் சீர் வைக்கிற அண்ணன்மார், பாத்திரத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் வெட்டித்தான் கொடுப்பார்கள். என் கல்யாணம், வளைகாப்பு, மகளின் காதுகுத்து, அவள் பெரியவளானபோது தெரட்டிச் சீர் என்று என் அண்ணன் வைத்த அண்டாவும் குண்டாவும் முப்பது வருஷமாக வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. பரண் நிறைந்து, கட்டிலுக்கடியும் நிறைந்து, கடைசியில் ஹாலுக்கே வந்துவிட்டன. யாராவது வந்தால் அண்டாவை நகர்த்திவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன்.

மகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு நானும் கணவரும் பீளமேட்டில் சின்ன ஃபிளாட்டுக்கு மாறினோம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் கேட்கிறார்கள் என்றார் அவர். ஒரு வண்டி நிறைய ஏற்றி அனுப்பிவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படுவார், சொல்லாவிட்டால் தெரியவா போகிறது என்று நினைத்தேன். அத்தனையிலும் அவர் பெயர் இருந்ததை மறந்த என் புத்தியை என்னவென்று சொல்ல?

புது வீட்டில் கையை வீசி நடக்க முடிந்தது. அரைமணி நேரத்தில் கூட்டித் துடைத்துவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்து ஆறுவதற்குள் காப்பி குடித்தேன். இத்தனை லேசாக நான் இருந்ததே இல்லை. அண்ணனுக்குப் போன் போடுவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராத அண்ணன்.

"கோயில்ல சாப்புட்டேன் அம்மணி. எம்பேரு போட்ட அண்டாவுல இருந்து ரசம் ஊத்துனாங்க. அப்புடியே அங்க வாரேன்."

சீர் விஷயத்தில் மனம் கசந்து, பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்பா, அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். அவர் வந்து சேர்கிறவரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அண்ணன் வந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. சொல்லாமக் குடுத்துபோட்டேன். தப்புதானுங்க."

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார். பிறகு தோள் துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்தார்.

"ரெண்டு வருசமா வெள்ளாம சரியில்ல கண்ணு," என்றார், ஃபேனைப் பார்த்தபடி. "தங்கச்சி ஊட்டுக்கு வெறுங்கையோட எப்புடிப் போறதுன்னு வராமயே இருந்துபோட்டேன். இன்னைக்கு அந்த அண்டாவப் பாத்தேன். அவளே வேண்டாம்னு குடுத்துபோட்டா, இனி நாம என்னத்துக்குக் கூச்சப்படோணும்னு கெளம்பி வந்துட்டேன்."

அண்ணனின் பாசம் என்று அந்தப் பாத்திரங்களை நான் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தேன். இன்னொன்று வாங்கிவர முடியவில்லையே என்ற வெட்கத்தில் அவர் வராமலே இருந்திருக்கிறார்.

"வெறுங்கையோடவே வாங்கண்ணா. வாராவாரம் வாங்க," என்றேன்.

அண்ணன் தூங்கிவிட்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், என் வீட்டில் அவர் படுத்துத் தூங்கியது அன்றைக்குத்தான்.